பக்கத்துக் கையெழுத்து

மீட்டர் அக்காவின் போனைக் கேட்டு ஆள் வந்த நேரத்தில் அவள் பெயிண்ட் லேபின் ஜன்னலோரம் நின்று ஒரு பழுப்பு நிறத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ட்யூப்லைட்டுக்குக் கீழே நல்ல பிள்ளையாக இருந்த அந்தப் பழுப்பு, பகல் வெளிச்சத்துக்கு வந்ததும் பச்சைப் பக்கம் சாய்ந்தது. அரைச் சொட்டு சிவப்பு போதுமா, ஒரு சொட்டு வேண்டுமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கையில் பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். கோர்ட் ஊழியர். கையில் நாற்பது பக்கத்துக்குக் குறையாத ஒரு கட்டு.

கட்டில் இருந்தது இதுதான். பதினான்கு வருஷம் அவள் வேலை பார்த்த பெரிய பெயிண்ட் கம்பெனி அவள்மேல் வழக்குப் போட்டிருந்தது. நிறங்களின் ஃபார்முலாக்களைப் படமெடுத்து வெளியே கொண்டுபோய்விட்டாளாம். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மீறிவிட்டாளாம். ஆகவே அவளுடைய போன், வீட்டுக் கம்ப்யூட்டர், ஈமெயில் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் கம்பெனியின் ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் சகலத்தையும் நகல் எடுத்து ஆற அமர உட்கார்ந்து பார்ப்பார். வழக்கு முடிகிறவரை புது இடத்தில் அவள் நிறம் கலக்கக் கூடாது. விசாரணை வரும்வரை போனில் எதையும் அழிக்கவும் கூடாது.

பெரிய கம்பெனிகளுக்கு ஒரு குணம் உண்டு. இருக்கிறவளைக் கண்டுகொள்ள மாட்டார்கள். சூப்பர்வைசர் நாற்காலியை இன்றைக்குத் தருகிறோம், நாளைக்குத் தருகிறோம் என்று ஆறு வருஷம் இழுத்தடிப்பார்கள். அவள் பொறுத்துப் பார்த்து வேறு இடத்துக்குப் போனால் மட்டும் வயிறு எரியும். போன பிறகுதான் அவள் தலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று நினைவு வரும்.

புது இடத்தின் முதலாளி சின்ன ஆள். மொத்தமே ஒன்பது பேர் வேலை பார்க்கிற கம்பெனி. கட்டைப் புரட்டிப் பார்த்தவருக்கு நெற்றி வியர்த்துவிட்டது. உங்க கண்ணை நம்பித்தான் கடையைத் திறந்தேன், ஆனால் பெரியவர்களோடு மோதுகிற தெம்பு எனக்கில்லை, விசாரணை வரை வீட்டில் இருங்கள் என்று கைகூப்பாத குறையாகச் சொன்னார். அவரைக் குறை சொல்லி என்ன? திருடி என்று பெயர் வாங்கிய கலர்காரியை எந்த லேபும் உள்ளே விடாது என்பது மீட்டருக்கே தெரியும். நாற்பத்தாறு வயதில் அவளுக்கு வேறு தொழிலும் தெரியாது.

அவளுக்கு மீட்டர் என்று பெயர் வந்தது பழைய லேபில். நிறத்தை அளக்கிற மெஷின் ஒரு தடவை பழுதாகி மூன்று மாதம் மூலையில் கிடந்தது. அந்த மூன்று மாதமும் அவள் கண்ணை நம்பியே டப்பாக்கள் வெளியே போயின, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மெஷின் சரியாகி வந்தபோது, முதலில் இதை மீட்டர் அக்காவிடம் காட்டிச் சரிபாருங்கள் என்று யாரோ கிண்டலடித்தார்கள். அன்றிலிருந்து பெற்றோர் வைத்த பெயரை அவளே மறந்துபோனாள்.

ஆனால் எப்பேர்ப்பட்ட கண்ணையும் தனியாக நம்பக் கூடாது என்பது அந்த லேபின் சட்டம். சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்த கண் வெள்ளையைப் பார்த்தால் பச்சை அடிக்கும். களைத்த கண் பொய் சொல்லும். அதனால் ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும், ஃபார்முலா தாளில் இரண்டு கையெழுத்து விழ வேண்டும். ஒருத்தி கலக்குவாள், மற்றவள் தாளில் உள்ள கணக்கையும் அட்டையில் தீட்டிய நிறத்தையும் சரிபார்ப்பாள். மீட்டருக்கு இரண்டாவது கண்ணாக வாய்த்தவளை லேபில் எல்லோரும் ஜோடி என்றே கூப்பிட்டார்கள். அவள் மீட்டரைவிட ஏழு வயது சின்னவள், வாயைத் திறந்தால் அக்கா, அக்காதான். ஜோடியின் இரண்டு பெண்களும் மீட்டரைப் பெரியம்மா என்றே கூப்பிட்டுப் பழகினார்கள்.

அந்த ஜோடிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடி விழுந்தது. லாரி ஓட்டிய அவள் கணவன் குடித்துவிட்டு ஒரு ஆளை ஏற்றிக் கொன்றான். நாலு வருஷம் ஜெயில். வேறு ஊர்ச் சாலையில் நடந்ததால் இங்கே யார் காதுக்கும் எட்டவில்லை. அப்பா வெளிநாட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போயிருக்கிறார் என்று பெண்களிடம் சொன்னாள் ஜோடி. அக்கம்பக்கத்திலும் அதையே சொன்னாள். உண்மை தெரிந்த ஒரே ஆள் மீட்டர்.

ஜெயிலில் பார்க்க விடுவது செவ்வாயும் வெள்ளியும், பிற்பகல் இரண்டிலிருந்து நாலு. பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம். லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே அந்த நாட்களில் பன்னிரண்டு அடித்ததும் ஜோடி சரக்கு வாசல் வழியாக நழுவிவிடுவாள். அதற்கு மேல் கலக்குகிற நிறங்களுக்கு இரண்டாவது கையெழுத்தை மறுநாள் காலையில் வந்து போடுவாள்.

இந்த இடத்தில்தான் மீட்டர் தன் குணத்தைக் காட்டினாள். வேறு யாராவது என்றால் கையெழுத்துத்தானே, நாளைக்குப் போட்டுக்கொள் என்று விட்டிருப்பார்கள். இவளுக்கு மனசு கேட்கவில்லை. கையெழுத்தை நாளைக்குப் போடு, கண்ணு இன்றைக்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஜன்னலோரம் தாளை வைத்துப் படமெடுத்து ஜோடியின் போனுக்கு அனுப்புவாள். போனில் நிறத்தைப் பார்க்க முடியாது, அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் கணக்கைப் பார்க்கலாமே. ஒரு தடவை லிட்டருக்கு நாலு கிராம் கறுப்பு என்று மீட்டர் எழுதியதைப் பஸ்ஸிலிருந்தே பார்த்து, புள்ளி நாலு என்று இருக்க வேண்டுமே அக்கா என்று பதறி எழுதினாள் ஜோடி. இரண்டாயிரம் லிட்டர் கரிக்குழம்பாகாமல் தப்பியது. தாளைப் படமெடுக்கக் கூடாது என்பதும் கம்பெனிச் சட்டம்தான். ஒரு சட்டத்தைக் காப்பாற்ற இன்னொன்றை மீறுகிறோம் என்று அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து ஜோடி குரல் பதிவு அனுப்புவாள். ஹாரன் சத்தத்துக்கு நடுவே மெல்லிய குரலில், இன்றைக்குத் தாடி எடுத்திருந்தார் அக்கா, சின்னவள் பல் விழுந்ததைச் சொன்னேன், அழுதார் அக்கா என்று வரும். அப்படி நூற்றுக்கும் மேல் மீட்டரின் போனில் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமைக் கடிதமும் அதில்தான் இருந்தது. வெளிநாட்டு அப்பா பெண்களுக்கு எழுத வேண்டுமே? ஜோடிக்கு எழுத வராது. எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வரும். ஆகவே ஞாயிறு சாயங்காலம் மீட்டர்தான் அப்பாவாக மாறி, கிரேன் உச்சியிலிருந்து பார்த்தால் கப்பல் எப்படித் தெரியும், கடல்காற்றில் தொப்பி பறந்து யார் தலையில் விழுந்தது என்றெல்லாம் கதை கட்டி போனில் அடித்து அனுப்புவாள். ஜோடி அதைக் கணவனின் பழைய நம்பரிலிருந்து வந்ததுபோல் ஆக்கிப் பெண்களுக்குக் காட்டுவாள். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றேதான்: அம்மா சொல்றதைக் கேட்டு நடங்க. இந்தப் போனைத்தான் கம்பெனி முழுசாகக் கேட்டது.

வக்கீலம்மா மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படிக்கிறவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தாளைப் படமெடுத்தீர்களா என்று கேட்டார். எடுத்தேன் என்றாள் மீட்டர். வெளியாருக்கு அனுப்பினீர்களா? இல்லை. யாருக்கு அனுப்பினீர்கள்? ஜோடியின் சங்கதி முழுவதையும், ஜெயில் உள்பட, ஒளிக்காமல் சொன்னாள். சொல்லும்போது, அவள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் வழக்கே முடிந்துவிடும் என்றும் சேர்த்துக்கொண்டாள். வக்கீலம்மா கட்டின் கடைசிப் பக்கங்களைப் பிரித்து அவள் முன்னால் திருப்பி வைத்தார்.

கம்பெனிக்குச் சாட்சி சொல்லிச் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் அது. மீட்டர் தாளைப் படமெடுத்ததைப் பலமுறை பார்த்தேன், எதற்கு என்று கேட்டதற்கு, பின்னால் உதவும் என்று சொன்னார். எனக்கு எந்தப் படமும் வந்ததில்லை, எல்லாத் தாளிலும் அன்றன்றே லேபில் இருந்து பார்த்துத்தான் கையெழுத்திட்டேன். அடியில் லேப் சூப்பர்வைசர் என்ற பதவிப் பெயர். அதற்கு மேலே கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை யாரும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. கடைசி எழுத்தின் வாலை நீட்டிக் கீழே ஒரு புள்ளி வைக்கிற ஜோடியின் கையெழுத்து. பதினான்கு வருஷம் தன் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே பார்த்து வந்தது. அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. காது அடைத்துக்கொண்டது. வக்கீலம்மாவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு ஆத்திரம். தனக்கு ஆறு வருஷம் தராத நாற்காலி. அங்கே உங்களுக்கு மரியாதை இல்லை, போங்கக்கா, போய் நல்லா இருங்க என்று தோளைத் தட்டி அனுப்பியவளும் அவள்தான்.

வீட்டில் இதைச் சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் சோற்றில் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இரண்டு கவலை. ஒன்று, அந்தப் போனில் அவருடைய சர்க்கரை ரிப்போர்ட்டும், வாயைப் பிளந்து தூங்குகிற படங்களும், மகள் கல்லூரியிலிருந்து அம்மாவுக்கு மட்டும் என்று அனுப்புகிற புலம்பல்களும் இருந்தன. இதையெல்லாம் கோட்டுப் போட்ட எவனோ உட்கார்ந்து பார்ப்பானா? இரண்டாவது, அவருக்குப் புரியவே இல்லை.

"உன்கிட்டதான் அவ குரலே இருக்கே. நாலு பதிவைப் போட்டுக் காட்டினா முடிஞ்சுபோற விஷயம். அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

அவள் அவர் தட்டில் ரசத்தை ஊற்றினாள். அவர் சொன்னது நியாயம்தான். அன்றைக்கு அவளுக்கே போட்டுக் காட்டிவிட வேண்டும் போலத்தான் இருந்தது.

முதல் விசாரணையில் கம்பெனியின் வக்கீல், நரைத்த முடியைப் படிய வாரிய மனிதர், ஒரு மணி நேரம் பேசினார். ஃபார்முலா எங்கே ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும், குடும்பப் படங்களுக்கு நடுவே இருக்கலாம், கணவருக்கு அனுப்பிய செய்தியில் இருக்கலாம், ஆகவே எல்லாமே வேண்டும் என்பது அவர் வாதம். வக்கீலம்மா பத்து நிமிஷம்தான் எடுத்துக்கொண்டார். படங்கள் இருப்பதை மறைக்கவில்லை, அதைப் பார்க்கட்டும், ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் எப்போது கம்பெனிச் சொத்தானது என்று கேட்டார்.

ஜட்ஜ் வயதானவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நரைமுடி வக்கீலைப் பார்த்து, "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றீங்க. அதுவும் அடுத்தவங்க வீட்டை" என்றார்.

அவர் போட்ட உத்தரவு இது. போனைப் பார்ப்பது கம்பெனி ஆள் அல்ல, கோர்ட் நியமிக்கிற பொது ஆள். பார்ப்பது போனை மட்டும். வீட்டுக் கம்ப்யூட்டரையும் ஈமெயிலையும் தொடக் கூடாது. அவள் வேலையை விட்ட நாளுக்கு முந்தைய இரண்டு வருஷமும் பிந்தைய இரண்டு மாதமும்தான் கணக்கு. கம்பெனி கொடுக்கிற நிற எண்களின் பட்டியலை வைத்து, அந்த எண்ணுள்ள தாள்களின் படத்தை மட்டும் தேட வேண்டும். எத்தனை படம், எப்போது எடுத்தது, எந்த நம்பருக்குப் போனது, அவ்வளவே அறிக்கையில் வரலாம். குரல் பதிவு, குடும்பப் பேச்சு, வைத்தியம் எதையும் திறக்கக் கூடாது. அறிக்கை முதலில் அவள் வக்கீலிடம் போக வேண்டும், ஆட்சேபிக்க மூன்று நாள். போன் இரண்டு நாளில் திரும்பி வர வேண்டும். வேலைத் தடையை மட்டும் அறிக்கை வரும்வரை அவர் விலக்கவில்லை.

வெளியே வந்ததும் வக்கீலம்மா சிரித்தார். ஆனால் ஒரு விஷயத்தையும் சொல்லிவைத்தார். இந்த வேலி அவர்களைத்தான் தடுக்கும், உங்களை அல்ல. நீங்களாக அந்தக் குரல் பதிவுகளைக் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. கதவின் சாவி உங்கள் கையில்தான் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

நாலு நாள் கழித்து, கோர்ட்டுக்கு எதிரேயுள்ள ஜெராக்ஸ் கடையில் மீட்டர் காகிதங்களை நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள் ஜோடி. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். மீட்டர் திரும்பிப் பார்க்காமல் அடுத்த தாளை மெஷினில் வைத்தாள்.

ஜோடி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். மீட்டர் போன பிறகு லேப் கேமராப் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். சரக்கு வாசல் பதிவையும் பார்த்திருக்கிறார்கள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீ திருட்டுக்குக் கூட்டா, இல்லை எங்களுக்குச் சாட்சியா, இரண்டில் ஒன்றைச் சொல் என்றிருக்கிறார்கள். சாட்சி என்றால் வாசல் பதிவை அழித்துவிடுவோம், சூப்பர்வைசர் நாற்காலியும் உனக்கு. எழுதிக் கொண்டுவந்து வைத்ததில் கையெழுத்துப் போட்டேன், வேலை போனால் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன் அக்கா என்றாள்.

மெஷினின் பச்சை வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய் வந்தது. மீட்டர் கேட்டாள்.

"பழி போட என் தலைதான் கிடைச்சுதா உனக்கு?"

"உங்க போன்ல எல்லாமே இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கா? நீங்க நினைச்சா அன்னைக்கே என் கதை முடிஞ்சுது. ஆனா நீங்க அதைக் காட்ட மாட்டீங்க. அந்த நம்பிக்கையிலதான் கையெழுத்துப் போட்டேன்."

நம்பவைத்துக் கழுத்தறுப்பவர்களை மீட்டர் கேள்விப்பட்டிருக்கிறாள். நம்பிக் கழுத்தறுப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். தன்னிடம் இருந்த நல்ல குணம் எது என்று தேடிப் பார்த்து, அதையே கத்தியாகத் தீட்டியிருக்கிறாள் கூடப்பிறக்காத தங்கை. காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, மீதிச் சில்லறைகூட வாங்காமல் வெளியே நடந்தாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அசல் தாள் ஒன்றை மெஷினிலேயே விட்டு வந்தது தெரிந்தது.

அறிக்கை வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். எல்லாம் செவ்வாய், வெள்ளி மட்டும், அதுவும் பன்னிரண்டு மணிக்கு மேல். எடுத்த சில நிமிஷங்களுக்குள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு நம்பருக்குப் போயிருந்தது. வேறு யாருக்கும் ஒன்றுகூடப் போகவில்லை. வேலையை விட்ட பிறகு எடுத்ததோ அனுப்பியதோ ஒன்றுமில்லை.

இரண்டாவது விசாரணைக்கு ஜோடியையும் வரச் சொல்லியிருந்தார் ஜட்ஜ். கம்பெனிக்காரர்கள் பக்கத்து வரிசையில் அவள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். இது உங்கள் நம்பரா என்று ஜட்ஜ் கேட்டார். என்னோடதுதான் என்றாள் ஜோடி, தரையைப் பார்த்தபடி. எனக்கு எந்தப் படமும் வந்ததில்லை என்று சத்தியம் செய்தீர்களே என்று அடுத்துக் கேட்டார் அவர்.

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது கம்பெனிக்கு. ஆனால் நரைமுடி வக்கீல் லேசுப்பட்டவரா? கண்மூடித் திறப்பதற்குள் தன் சாட்சியையே கைகழுவினார். அப்படியானால் இது கூட்டுச் சதி, இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்திருக்கிறார்கள், காரணம் தெரிய வேண்டும், இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே போன அத்தனை செய்தியையும், குரல் பதிவுகள் உள்பட, திறக்க உத்தரவிட வேண்டும் என்றார்.

ஜோடி சட்டென்று தலை நிமிர்ந்து மீட்டரைப் பார்த்தாள். பதினான்கு வருஷத்தில் அந்த முகத்தில் மீட்டர் பார்க்காத நிறம் அது. வக்கீலம்மா குனிந்து, அவர்களே கேட்கிறார்கள், சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நீங்கள் சுத்தமாக வெளியே வந்துவிடலாம் என்று காதில் சொன்னார். ஜட்ஜும் அவளைப் பார்த்து, நீங்களாக ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

மீட்டர் எழுந்தாள். சரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதில் ஒளிவுமறைவு இல்லை. இவளுக்கு வேண்டும், நன்றாக வேண்டும் என்றுதான் மனசு கொதித்தது. கூடவே பல் விழுந்த சின்னவளின் முகமும் வந்து தொலைத்தது.

"அந்த நேரத்துல அவ லேப்ல இல்லைங்க ஐயா. ரெண்டு பேர் பார்க்காம கலர் வெளிய போகக் கூடாது. அதனால அனுப்பினேன். கையெழுத்து மறுநாள் வந்து போட்டா."

"ஏன் இல்லை?"

"அது என் விஷயம் இல்லைங்க ஐயா. கம்பெனி ஃபார்முலாவும் அதுல இல்லை. போனைத் திறக்க எனக்குச் சம்மதம் இல்லை."

ஜட்ஜ் உத்தரவை எழுதச் சொன்னார். கம்பெனி கேட்ட கேள்வி ஃபார்முலா வெளியே போனதா என்பது, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது, போகவில்லை. அதற்கு மேல் தெரிந்துகொள்ளும் ஆசை வழக்கு ஆகாது, முதல் உத்தரவின் எல்லை அப்படியே நிற்கும். இருநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் பொது ஆள் முன்னிலையில் அழித்துவிட வேண்டும், படமெடுத்தது தவறு என்பதை மீட்டர் நினைவில் வைக்க வேண்டும். வேலைத் தடை விலகியது. பொய்ச் சத்தியம் செய்ததற்கு ஜோடி தனியாக விளக்கம் தர வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் ஜோடியைத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிப் போனார்கள். வராந்தாவில் அவள் ஓடி வந்து மீட்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மீட்டர் அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படியிறங்கினாள். கீழே காத்திருந்த கணவர் ஜெயிச்சாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றாள். அழுதுகொண்டே ஜெயித்தவளை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

மறுவாரம் அவள் புது லேபுக்குத் திரும்பினாள். அந்தப் பழுப்பு இன்னும் பச்சைப் பக்கம் சாய்ந்தபடி அவளுக்காகக் காத்திருந்தது. அரைச் சொட்டு சிவப்பு போதுமானதாக இருந்தது. பக்கத்துக் கையெழுத்துக்கு யாரைப் போடலாம் என்று சின்ன முதலாளி கேட்டார். யாரையாவது போடுங்கள் என்றாள்.

ஞாயிறு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஜோடி. அவளைச் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள் என்று மீட்டர் கேள்விப்பட்டிருந்தாள். மன்னிப்பு இருக்கும், அழுகை இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தாள். இருந்தது ஒரே வரி. "அக்கா, மூணு வாரமா அப்பா எழுதலையேன்னு சின்னவ கேக்குறா."

எப்படிப்பட்ட நெஞ்சழுத்தம் என்று வாய்விட்டே திட்டினாள். போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள். இரண்டு சட்டையை மடித்தாள், மூன்றாவதை மடிக்காமல் கீழே வைத்தாள். அப்புறம் போனை எடுத்து உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். துறைமுகத்தில் மூன்று வாரமாகப் புயல், போன் வேலை செய்யவில்லை. கிரேன் உச்சியில் ஒரு பறவை முட்டையிட்டிருக்கிறது, அது பொரிக்கும்வரை அந்தக் கிரேனை யாரும் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சின்னக்குட்டி, புதுப் பல் எட்டிப் பார்க்கிறதா? பெரியகுட்டி, கணக்குப் பரீட்சை எப்படி?

கடைசி வரிக்கு வந்தாள். இரண்டு வருஷமாகக் கை தானாக அடித்துவிடுகிற வரி. அம்மா என்று அடித்தாள், சொல்றதை என்று அடித்தாள். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. அடித்த இரண்டு வார்த்தையையும் அழித்துவிட்டு, கடிதத்தை அப்படியே அனுப்பினாள்.

பதினான்கு வருஷம் சரிபார்த்த கண் அல்லவா, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அக்கா, கடைசி வரி விட்டுப்போச்சு."

மீட்டர் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அடித்தாள்.

"விட்டுப்போகல."